அடைக்கப்பட்ட ஜீவன் ஓர் அமானிதம்

பூனை ஒன்றை முன்னிட்டு ஒரு பெண்மணி மறுமையில் வேதனைக்கு ஆளான செய்தியை நம்மில் அறியாதவர் இலர். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம் பெற்றுள்ள செய்தி அது. அப்பெண் பூனையை அடித்துக் கொன்றதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறவில்லை. அதை அவள் அடைத்து வைத்தாள். அடைத்த பின் உணவும் நீரும் அளிக்கவில்லை. தரையில் கிடைக்கும் பூச்சி புழுக்களையேனும் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்து விடவுமில்லை. நபிகள் பெருமானார் எடுத்துரைத்த குற்றம் இவ்வளவே.

இச்செய்தியைப் பிரசங்க மேடைகளில் கேட்கும்போதெல்லாம் ஜீவகாருண்யம் என்னும் பொதுவான பாடத்தை மட்டும் பெற்றுக்கொண்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். சற்று நின்று நோக்கினால், இதில் சட்ட நுட்பம் ஒன்று பொதிந்திருப்பது தெரியும். அந்தப் பூனை தெருவில் திரிந்தவரை அதற்கு இரை தேடித் தரும் கடமை அப்பெண்ணுக்கு இருக்கவில்லை. கதவைச் சாத்திய கணத்திலேயே அதன் பசிக்கும் தாகத்துக்கும் அவள் பொறுப்பாளி ஆகிவிட்டாள். அடைத்தவர் கையில் அந்த உயிர் ஓர் அமானிதம். தனி மனிதருக்கு உரிய இந்த அளவுகோல், ஊரை நிர்வகிக்கும் மன்றங்களுக்கும் பொருந்துமா என்பதே இந்த வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

எண்ணூர்ச் சாலையில்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, காசிமேட்டையும் திருவொற்றியூரையும் கடந்து, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் எண்ணூர். மீனவர் குப்பங்கள் ஒருபுறம். தொழிற்சாலைகளும் நிலக்கரி இறங்கும் துறைமுகமும் மறுபுறம். கருவாடு காயும் மணல்வெளி, லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரம், தேநீர்க்கடை வாசல், ரயில் நிலைய மேடை என நாய்க்கு இரை கிடைக்கும் இடங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. சுபுஹுத் தொழுகைக்கு இருள் பிரியுமுன் புறப்படும் முதியவர் கையில் ஒரு கோல் எடுத்துக்கொள்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி, தெருமுனை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறார். மதரஸாவுக்குச் செல்லும் சிறுவர்கள் கூட்டமாகவே செல்கிறார்கள்.

முன்பு எண்ணூருக்குக் கத்திவாக்கம் என்ற பெயரில் தனி நகராட்சி இருந்தது. 2011ஆம் ஆண்டில் அது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, திருவொற்றியூர் மண்டலமாகிய முதல் மண்டலத்தின் பகுதி ஆயிற்று. அந்த ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. குப்பை வாரும் கடமையும் தெரு விளக்கின் கடமையும் மாறியதைப் போலவே, தெருநாயின் கடமையும் அன்று ரிப்பன் மாளிகைக்கு இடம் மாறியது. ஊர்க்காரர் தம் குறையை முன்பு கத்திவாக்கத்திலேயே சொல்லிக்கொண்டார். இன்று அவர் வட கோடியில் இருக்கிறார்.

அச்சம் வீணானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2023 நவம்பரில் இராயபுரம் ஜி.ஏ. சாலையில் வெறிகொண்ட நாய் ஒன்று, ஒரே மாலைப் பொழுதில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கடித்துக் குதறியது. மக்கள் அதை அடித்துக் கொன்றனர். பின்னர் நடந்த பரிசோதனையில் அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியாயிற்று. அதன்பின் அப்பகுதியில் திரிந்த நாய்களைப் பிடித்துக் கண்காணிப்பில் வைத்தார்கள். வெறிநோய் ஒருமுறை அறிகுறி காட்டிவிட்டால் அதற்கு மருந்தில்லை. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று, தடுப்பூசித் தவணைகளை ஒன்றுவிடாமல் முடிப்பதே உயிர் காக்கும் வழி. பெருநாள் வந்தது, வேலை வந்தது என்று கடைசி ஊசியைத் தவறவிடுபவர் உண்டு, அது கூடாது.

இரு நிலைகளுக்கு நடுவே

ஒரு சாரார் எல்லா நாய்களையும் ஒழிக்க வேண்டும் என்கின்றனர். மறு சாரார், கடிபட்ட குழந்தையின் தாயிடம் பேசும்போதும் நாயின் உரிமையையே பேசுகின்றனர். மார்க்கம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதையைக் காட்டியிருப்பதைக் காண்கிறோம். மதீனாவில் ஒரு காலத்தில் நாய்களைக் கொல்லுமாறு ஆணை பிறந்ததும், பின்னர் நபிகள் பெருமானார் அதை நிறுத்தியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. நாய்களும் ஒரு சமுதாயமாகவே படைக்கப்பட்டுள்ளன என்பதைக் காரணம் காட்டி, அவற்றை அடியோடு ஒழிப்பதை அவர்கள் தவிர்த்ததாக அபூதாவூத், திர்மிதி தொகுப்புகள் தெரிவிக்கின்றன. ஊர்வனவும் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருமறையின் ஆறாம் அத்தியாயத்தில் காண்கிறோம். அதே வேளையில், புனித ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளுள் கடித்துக் குதறும் நாயும் ஒன்று. எல்லா நாயும் ஒன்றல்ல. தீங்கு செய்வதைத் தனியே பிரித்தறிய வேண்டும் என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் தெளிவு.

இங்கே ஒரு சிறு விலகல். நாயின் உமிழ்நீர் அசுத்தம் என்ற காரணத்தால், அதன்மீது கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் குற்றமில்லை என்று கருதுவோர் நம்மிடையே உள்ளனர். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கொண்டு, கழுவ வேண்டும் என்பது சட்டம். கழுவுவது மனிதனின் கடமை. அதற்காக நாயைத் தண்டிக்கச் சொன்ன இமாம் எவரும் இல்லை. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது; அந்தக் காலணியைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. குகைவாசிகளின் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்ததும் ஒரு நாய்தான்.

சென்னை கண்ட மாற்றம்

சென்னை நகரம் இவ்விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடி என்பதை நம் வாசகர்களில் பலர் அறியமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் முறை கையாளப்பட்டது. கடைசி ஆண்டுகளில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டதாகப் புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியுள்ளனர். இத்தனைக்கும் தெருவில் நாய் குறைந்தபாடில்லை, வெறிநோயும் குறைந்தபாடில்லை. காரணம் எளிது. ஓரிடத்து நாய்களை அகற்றினாலும், அவற்றை வாழவைத்த குப்பையும் எச்சிலும் அங்கேயே கிடக்கின்றன. பக்கத்துத் தெரு நாய் அந்த இடத்துக்கு வருகிறது. குட்டிகள் பிழைத்துப் பெருகுகின்றன. ஊசி போட்டிருந்த நாய் போய், ஊசி அறியாத நாய் வந்து சேருகிறது.

கேப்டன் வி. சுந்தரம் அவர்களால் 1959ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட புளூ கிராஸ், 1964 முதலே மாற்று வழி ஒன்றைச் சொல்லி வந்தது. நாய்களைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பதே அவ்வழி. முப்பது ஆண்டுகள் அதைக் கேட்பார் இல்லை. 1995ஆம் ஆண்டில், அப்போது மாநகராட்சி ஆணையாளராக இருந்த எஸ்.அபுல் ஹசன் அவர்கள், தென் சென்னைப் பகுதியில் இதைச் சோதித்துப் பார்க்க இசைவு அளித்தார். பலன் கண்ட பின், 1996இல் நகரம் முழுவதற்கும் அது திட்டமாயிற்று. மத்திய அரசு இதற்கென நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது 2001ஆம் ஆண்டில்தான். ஓர் அதிகாரி கோப்பில் இட்ட ஒரு கையெழுத்து எத்தனை உயிர்களின் விதியை மாற்றியது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அவர் சட்டத்தை உடைத்து எதையும் செய்யவில்லை; பலன் தராத பழக்கத்தை நிறுத்தி, வேறொன்றைச் சோதிக்கத் துணிந்தார், அவ்வளவுதான்.

ஆனால் திட்டம் வேறு, அதை நிறைவேற்றுவது வேறு. மாநகராட்சிக்காக 2024இல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், சென்னையில் ஏறத்தாழ 1.81 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகவும், அவற்றுள் நூற்றுக்கு 27 அளவுக்கே கருத்தடை நடந்திருப்பதாகவும் தெரிய வந்தது. வெறிநோயின் சங்கிலி அறுபட வேண்டுமானால் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் தடுப்பூசி எட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. 2025 ஆகஸ்டில் மாநகராட்சி எல்லா மண்டலங்களிலும் தடுப்பூசி இயக்கம் ஒன்றைத் தொடங்கி, ஊசி போட்ட நாய்களுக்கு வண்ண அடையாளம் இட்டது. தொடங்கியது நன்று. ஊசியின் பலன் காலத்தோடு தேய்வதால், ஆண்டுதோறும் அதைத் தொடர வேண்டும்.

யார் கணக்குப் பார்ப்பது?

2023 மார்ச்சில் மத்திய அரசு பழைய விதிகளை நீக்கிப் புதிய விதிகளை வெளியிட்டது. தெருநாய்களைச் சமுதாயப் பிராணிகள் என்றே அவ்விதிகள் குறிப்பிடுகின்றன. பொறுப்பு உள்ளாட்சி மன்றத்தினுடையது. அறுவை செய்யும் மையம் பிராணிகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பிடித்த இடம், நாள், விடுவித்த இடம் அனைத்தும் பதிவேட்டில் ஏற வேண்டும். அறுவைக்குப் பின் சில நாள் வைத்துப் பராமரித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். செய்யாத அறுவைக்குப் பணம் பெறுவதைத் தடுக்க, அகற்றிய உறுப்புகளை எண்ணிப் பார்க்கவும் விதி உண்டு. வெறிநோய் ஐயத்துக்குரிய நாயைத் தனியே அடைத்துக் கவனிக்க வேண்டும். தெருவில் உணவிடுவோருக்கும் கட்டுப்பாடு வைத்து, குழந்தைகள் விளையாடும் இடத்தையும் மாடிப்படி வாயிலையும் விலக்கி, வேறிடம் குறிக்கச் சொல்கிறது.

இவற்றையெல்லாம் மேற்பார்வையிட ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். அதன் தலைமையில் அமர்பவரோ அந்த உள்ளாட்சியின் தலைமை அதிகாரியே. பிராணி நல அமைப்பினரும் மருத்துவரும் உடன் இருப்பது உண்மைதான். ஆயினும், வேலையைச் செய்விப்பவரே வேலை நடந்ததா என்று கேட்பவராகவும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியார் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து, கூண்டைத் திறந்து பார்க்கும் வழி இருந்தாக வேண்டும்.

இஸ்லாமிய ஆட்சி முறையில் இதற்கென முஹ்தஸிப் என்ற பதவி இருந்தது. சந்தையில் எடைக் கற்களைச் சோதித்த அதே அதிகாரி, பொதி விலங்கின் சுமையையும் சோதித்தார். தாங்க முடியாத சுமையை ஏற்றுபவரையும், பிராணிக்குத் தீனி கொடாமல் வேலை வாங்குபவரையும் தடுப்பது அவர் கடமை என்று, 1058ஆம் ஆண்டில் பாக்தாதில் மறைந்த இமாம் மாவர்தீ தம் ஆட்சிச் சட்ட நூலில் எழுதியுள்ளார். 1262இல் கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் இன்னும் ஒரு படி மேலே சென்றார். முதுமையாலோ நோயாலோ பயன் தராமல் போன பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும். தாங்காத சுமை ஏற்றக் கூடாது. ஒன்றையொன்று குத்திக் கடிக்கும் பிராணிகளை ஒன்றாக அடைக்கக் கூடாது. அவற்றின் தங்குமிடம் செம்மையாக இருக்க வேண்டும். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று நம் நகரின் எந்த நாய்க் கொட்டடியையும் சோதிக்கலாம்.

ஆங்கிலேயர் இயற்றிய 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமும் இதே வழியில் சென்றது. பட்டியில் அடைத்த மாட்டுக்குத் தீனியும் நீரும் தருவதும் பதிவேடு வைப்பதும் பட்டிக் காவலரின் கடமை, தவறினால் தண்டனை. மாட்டுக்கு உரிமையாளர் உண்டு, அவர் அபராதம் கட்டி மீட்க வருவார், வந்தால் மாட்டின் உடலைப் பார்ப்பார். அந்தப் பயமே காவலரைக் கடமை தவறாமல் வைத்தது. தெருநாயை மீட்க வருபவர் எவர்? காப்பகத்தில் அது மெலிந்தால் கேட்பவர் எவர்? மேற்பார்வையின் அவசியம் இங்கேதான் மாட்டைவிட நாய்க்குப் பன்மடங்காகிறது.

மீண்டும் வரும் கொட்டடி

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2025 ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்டனர். பதினொரு நாள் கழித்து, மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பின் அதே இடத்தில் விடலாம் என்றது. வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. பின்னர் நவம்பர் 7ஆம் தேதி ஆணையில், பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடாமல் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று கூறியது.

பள்ளிக்கூடத்தில் குழந்தை அச்சமின்றி நடமாட வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆயினும் ஆணையின் மறுபக்கத்தைப் பாருங்கள். எண்ணூர் ரயில் மேடையில் படுத்திருக்கும் நாயை வண்டியில் ஏற்றியபின், அதற்குத் திரும்பும் ஊர் இல்லை. கருத்தடை மையத்தில் நாய் தங்குவது சில நாள். காப்பகத்திலோ ஆயுள் முழுவதும். உணவு, நீர், மருந்து, துப்புரவு, காவல் ஆகிய அனைத்தும் நாள்தோறும் வேண்டும். முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். மூன்றாம் ஆண்டில், ஒப்பந்தக்காரரின் பில் தொகை நிலுவையில் நிற்கும்போதுதான் அந்தப் பூனையின் கதை நடக்கத் தொடங்கும்.

அப்படி நடந்த ஊர் ஒன்று உண்டு. வழிப்போக்கரும் கடைக்காரரும் நாய்க்கும் பூனைக்கும் இரை வைத்துப் பழகிய இஸ்தான்புல் நகரில், 1910ஆம் ஆண்டில், நகரைச் சீர்திருத்துகிறோம் என்று சொல்லிப் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் நீரற்ற பாறைத் தீவொன்றில் இறக்கிவிட்டனர். யாரும் அவற்றைக் கத்தியால் தொடவில்லை. அவை பசியாலும் தாகத்தாலும் மாண்டன. அவற்றின் ஓலம் கரையில் கேட்டதை அந்நகரத்தார் தலைமுறைகளாகச் சொல்லி வந்தனர். அதே துருக்கி, 2004இல் கருத்தடை செய்து திரும்ப விடும் சட்டத்தை இயற்றியது. 2024 ஜூலையில் அதைத் திருத்தித் தெருநாய்களைக் காப்பகங்களில் சேர்க்கச் சொன்னது. கடமை தவறும் மேயர்களுக்குச் சிறைத் தண்டனையும் அதில் உண்டு. மேயரைப் பொறுப்பாக்கியது சரி. போதிய காப்பகம் கட்டுமுன் பிடிக்கச் சொன்னது சரியா என்று அந்நாட்டிலேயே பெரும் வாதம் நிகழ்ந்தது.

யூப்ரடீஸ் நதிக்கரையில் ஒரு பிராணி கவனிப்பாரற்று மாண்டால் அதற்கும் தாம் விசாரிக்கப்படுவோம் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகச் சொல்லப்படுவதை நாம் மேடைதோறும் கேட்கிறோம். பேச்சாளர் சிலர் அதை நாய் என்பர். பழைய நூல்களில் ஆடு என்றும் ஒட்டகம் என்றும் காணப்படுகிறது. எதுவாயினும், மதீனாவில் அமர்ந்திருந்த ஆட்சியாளர் யூப்ரடீஸ் வெகு தொலைவு என்று தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை. ரிப்பன் மாளிகைக்கும் எண்ணூருக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

மாநகராட்சியை மட்டும் கேட்டுவிட்டு நாம் கைகழுவுவதும் நியாயமன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் நம் தெருக்களைப் பாருங்கள். குர்பானிக் குடலும் தோல் துண்டும் மூட்டை கட்டித் தெருமுனையில் வீசப்படுகின்றன. மூன்று நாள் ருசி கண்ட நாய்க் கூட்டம் நான்காம் நாள் வெறுங்கையோடு வரும் சிறுவனைச் சூழ்கிறது. குர்பானி வணக்கம், அதன் கழிவைத் தெருவில் எறிவது வணக்கத்தில் எந்தப் பகுதி? இறைச்சிக் கடைக்காரருக்கும் விருந்து வைக்கும் மண்டபத்தாருக்கும் ஆண்டு முழுதும் இதே கேள்வி உண்டு. ஜமாஅத் நிர்வாகிகள் பெருநாளுக்கு முன்பே வார்டு அலுவலரோடு பேசி, கழிவு வண்டி வரும் நேரத்தைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடலாம். அதற்கு ஒரு சாக்கட்டி போதும்.

மாநகராட்சிக்குப் புகார் சொல்ல 1913 என்ற தொலைபேசி எண் உள்ளது. எங்கள் தெரு நாயைப் பிடித்துச் செல்லுங்கள் என்று அதில் சொல்பவர் பலர். பிடித்துச் சென்ற வண்டி போன பிறகு, அந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்றா, எந்த நாளில் எங்கே விட்டீர்கள், காப்பகத்தில் வைத்திருந்தால் அதை எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்பதற்கும் அதே எண்தான்.